சலங்கை கட்டாத யானை

கூடு கட்டாத குருவி, கொத்தித் தின்னாத குருவி, குழந்தை காதில் கூவும் குருவி, அப்பன் காதில் கூவாத குருவி. அது என்ன? சொல், பார்க்கலாம். அவசரம் இல்லை. என் மகள் ரோசி பள்ளிக்கூடம் விட்டு வந்து, சீருடையை மாற்றி, பாலைக் குடித்து முடிக்கிற வரைக்கும் யோசிக்கலாம். இந்த விடுகதையை நான்தான் கட்டினேன், அவளுக்காக. கடிகாரத்துக் குருவி என்றாள், காலண்டர் குருவி என்றாள், செல்போனுக்குள் இருக்கும் குருவி என்றாள். எல்லாம் தப்பு என்றேன். விடை எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, விடைதான் எனக்குக் கேட்காது. மதியச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கிக் கிடக்கிறது. ஜன்னலில் மெத்தை விரிப்பைத் தொங்கவிட்டிருக்கிறேன், வெயிலுக்காக அல்ல, ஆட்டோச் சத்தத்துக்காக. மேசையில் இரண்டு கணினிகள். இடது பக்கம் பழைய கணினி, அதில் இத்தனை வருஷமாக நான் குரலையும் வாத்தியங்களையும் கலந்து பாட்டுச் சேர்த்த மென்பொருள். வலது பக்கம் புதுக் கணினி, அதில் போன மாதம் நான் மாறிய மென்பொருள். இரண்டுக்கும் பெயர்கள் உண்டு, ஆனால் எங்கள் வீட்டில் ஒன்று பழையது, இன்னொன்று புதியது. காலையில் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது என் மனைவி ஜெஸிந்தா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள், "இன்னைக்கு உங்களுக்குப் பழையதா, புதுசா?" "பழையதை எடுத்துப் புதுசுல போடுறேன்." "ஊசிப்போகாம பாத்துக்குங்க." சிரித்துக்கொண்டே போனாள். படியிறங்கும்போது இன்னும் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. சரி என்று சொல்லி வைத்தேன். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லி வைக்கிறேன். பாதி கேள்விகளுக்கு அது பொருந்திவிடுகிறது.

பாட்டை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதை வீடு மாற்றுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். வீடு மாற்றினால் பீரோ பீரோவாகவே வந்து சேரும். இங்கே வராது. பழையதில் நான் ஏற்றியது, இறக்கியது, திருகியது எதுவும் புதியதற்குப் புரியாது. குரல் தனி, தவில் தனி, புல்லாங்குழல் தனி, சலங்கை தனி என்று ஒவ்வொரு ட்ராக்கையும் முதலிலிருந்து கடைசிவரை வெறும் சத்தமாக உருவி எடுத்து அங்கே வரிசையாக அடுக்க வேண்டும். செய்தது வராது. ஆனது மட்டும் வரும். ஏன் சலங்கை இவ்வளவு கூர்மையாக இருக்கிறது, யார் இதை இப்படித் திருகியது என்று புதியதைக் கேட்டால் அதற்குத் தெரியாது, அது கூர்மையாகவே பிறந்தது என்றுதான் நினைக்கும். பிறகு எதற்கு மாறுகிறாய் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் கிறிஸ்துதாஸ், "நான் எங்க விட்டேன், கம்ப்யூட்டரை மாத்தினேன், அது என்னை விட்டுட்டுப் போயிருச்சு" என்பான். இன்னொருவன் ஒரு பாட்டு எடுபடவில்லை என்றால் உடனே மென்பொருளை மாற்றிவிடுவான், வீட்டில் காரியம் நடக்கவில்லை என்று வாசற்படியை இடித்து வைப்பவர்களைப் போல. கிதார் வாசிக்கும் தாவூத் மூன்று தடவை மாறியவன். "நம்ம செட்டுல எல்லாரும் இதுல இருக்காங்க மாமு, அவங்க பேசுற பாஷையைத்தானே நாமளும் பேசணும்" என்பான். விரல்கள் மட்டும் மாற ஒப்புக்கொள்வதில்லை. வெட்டுவதற்குப் பழக்கமான பொத்தானை அழுத்தினால் புதியது ஒட்டுகிறது. நிறுத்து என்றால் முதலுக்கு ஓடுகிறது. வேறு வீட்டுக்குக் குடிபோன பிறகு இருட்டில் பழைய சுவரில் சுவிட்சைத் தேடும் கை. நான் சொன்ன காரணம் வேறு. பழையதில் மேல்சத்தம் மங்கலாகக் கேட்கிறது, சலங்கை சலங்கையாக இல்லை, மூட்டை கட்டி அடித்தது போல இருக்கிறது என்றேன். தாவூத் நம்பவில்லை. ஒரே பாட்டை இரண்டு மென்பொருளிலும் எடுத்து, ஒன்றைத் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் சேர்த்து ஓடவிட்டான். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு சத்தமே வராது. சத்தமே வரவில்லை. "பாத்தியா, ரெண்டும் ஒண்ணுதான்." "இல்லடா, எனக்கு வித்தியாசம் தெரியுது." அவன் என் தோளில் தட்டிச் சிரித்தான். "பாம்புச் செவி டா உனக்கு." பாராட்டுத்தான். பாம்புச் செவி, டா. ஆனால் பேச்சில் இடைவெளி ஏது. செவிடா என்றுதான் வந்து விழுந்தது. அன்றிலிருந்து அந்த ஒரு சொல் சுற்றுகிறது. சோற்றில் கை வைக்கும்போது, தெருவில் பின்னால் ஹாரன் அடித்தானோ இல்லையோ என்று திரும்பிப் பார்க்கும்போது. செவி டா. செவிடா. நடுவில் இருக்கும் இடைவெளியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறேன். அது மூடிக்கொள்கிறது.

முதலில் போனது குக்கர். விசில் வருவதற்கு முன் ஒரு சீறல் வருமே, அது போயிற்று, அதைத் தொலைத்தவன் நானா குக்கரா என்று யோசிக்காமல் குக்கருக்கு வாஷர் மாற்றினேன். பிறகு ஜெஸிந்தாவின் பெயருக்கு நடுவில் இருக்கும் எழுத்து. அது இருக்கிறது என்று தெரிந்திருப்பதால் நானே போட்டுக் கேட்டுக்கொள்கிறேன். தெரியாத சொற்களில் போட முடிவதில்லை. வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க என்று போனில் சொன்னாள், உப்பு வாங்கி வந்தேன். "உப்பைத் தேச்சுக் குளிங்க, ஊறுகா ஆயிடலாம்" என்றாள். ரோசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பாட்டு வேலை செய்கிற ஆளுக்கு வீட்டுப் பேச்சில் கவனம் எங்கே இருக்கும் என்று அவர்களே எனக்கு ஒரு காரணம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காரணத்துக்குள் சௌகரியமாக இருக்கிறேன். பழையதில் வேலை செய்யும்போது சலங்கை மங்கலாக இருந்தது, ஏற்றினேன். இன்னும் மங்கல், இன்னும் ஏற்றினேன். மென்பொருள்தான் மங்கல் என்று சத்தியமாக நம்பினேன், நம்புவதற்குத் தாவூத் கொண்டுவந்த அந்த நிசப்தம்கூடத் தடையாக இல்லை. பிறகுதான் அவன் வீட்டில் புதியதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதுதான் சரி. அதில் ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஒரு படம் உண்டு, திரையின் பாதி அளவுக்கு. சத்தம் ஓட ஓட ஒரு மலைத்தொடர் எழுந்து எழுந்து விழும். இடது ஓரத்தில் தடித்த சத்தங்கள், தவிலும் யானைப் பாட்டில் வரும் காலடியும். நடுவில் குரல். வலது ஓரத்தில், நான் விட்டுக் குடிபெயர்ந்துவிட்ட ஊரில், கூரிய சத்தங்கள், சலங்கையும் ஜால்ராவும் ஜெஸிந்தாவின் எழுத்தும். பழையதிலும் படம் இருக்கிறது, தீப்பெட்டி அளவுக்கு. இது பெரியது. வலது ஓரம் துடித்தபோது எனக்குக் கேட்டது. உண்மையாகவே கேட்டது. கண் கலங்கிவிட்டது. "என்னடா மாமு, சாஃப்ட்வேரைப் பாத்து அழுவுற" என்றான் தாவூத். ஆகவே எதற்கு மாறினாய் என்று கேட்டால் விடை இதுதான். படத்துக்காக. காதால் செய்த வேலையைக் கண்ணால் செய்வதற்காக. இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் படம் உயரத்தை மட்டும்தான் சொல்கிறது. வலது ஓரத்தில் ஒரு முனை நீண்டால் நீண்டிருக்கிறது என்கிறது. அது மணியா ஊசியா, இனிக்கிறதா குத்துகிறதா என்று கேட்டால் படத்துக்கு வாய் இல்லை. அதற்குத்தான் ரோசி.

அப்பாவுக்கு வாயில் விசில். தனியார் பேருந்தில் கண்டக்டர், திருச்சியிலிருந்து கரூர் போகும் வண்டி. ரைட் என்று கத்தவே மாட்டார், எல்லாம் விசில்தான், ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. காது மந்தமானபோது எல்லோரும் விசிலைக் குறை சொன்னார்கள். சொந்தக் காதிலேயே முப்பது வருஷம் ஊதிக்கொண்டால் என்ன ஆகும் என்றார்கள். எனக்கும் அது போதுமானதாக இருந்தது. விசில் ஊதாதவனுக்கு வராது. ஆனால் அப்பாவின் அப்பா விசில் ஊதியவர் இல்லை. காய்கறி வண்டி தள்ளியவர். அவர் கடைசிக் காலத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார், தரையை மிதித்தால்தான் திரும்புவார், அந்த அதிர்வுக்கு. இதை நான் யோசிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். அப்பாவைக் காதுச் சோதனைக்குக் கூட்டிப் போனது நான்தான். கண்ணாடி போட்ட சின்ன அறை, உள்ளே ஒரு நாற்காலி. அப்பா காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று சோதிக்கும் பெண் சொன்னாள். நான் வெளியே அவள் பக்கத்தில் நின்றேன். அப்பா தூக்கினார். தூக்கினார். பிறகு ரொம்ப நேரம் தூக்கவில்லை. பிறகு கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தார், அவள் குனிந்தால் தூக்கினார், நிமிர்ந்தால் தூக்கினார். அவள் கதவைத் திறந்து, "ஐயா, இப்ப நான் சத்தமே போடலியே" என்றாள். அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. "தெரியும்மா. நீ இவ்வளவு நேரம் கஷ்டப்படுறியேன்னு ஒரு மரியாதைக்குத் தூக்கினேன்." அந்தப் பெண் சிரித்தாள், நான் சிரித்தேன். சத்தம் போடாமலே கேட்கிறதா என்று பார்ப்பதும் சோதனையில் ஒரு பங்கு, அதில் தூக்கினால் மற்றதில் தூக்கியதையும் நம்ப முடியாது என்று பிறகு விளக்கினாள். ஒரு மரியாதைக்கு. அவர் ஆயுசெல்லாம் செல்லாத நோட்டைக்கூட முகம் பார்த்து வாங்கிக்கொண்டவர். மூன்று தலைமுறை என்று கணக்குப் போடக் கூடாது. மூன்றோடு நிற்கும் என்று யார் சொன்னது என்றும் கேட்கக் கூடாது. செய்தது வராது. ஆனது மட்டும் வரும்.

போன் மேசையில் அதிர்கிறது. அதிர்வு கேட்கிறது, அது தடித்த சத்தம். சுகவனம் சார், சென்னையிலிருந்து. குழந்தைப் பாட்டுகளுக்கு இசை போடுகிறவர், கார்ட்டூன் கம்பெனிக்கு, என்னிடம்தான் சேர்க்கக் கொடுப்பார், இப்போது ஒரு யானைப் பாட்டு. ஸ்பீக்கரில் போடுகிறேன், அப்போதுதான் இரண்டு காதாலும் பிடிக்கலாம். "லூர்து, யானை வந்துருச்சாப்பா?" "வந்துக்கிட்டு இருக்கு சார்." "யானைன்னா மெதுவாத்தான் வரும். ஆனா ஆறு மணிக்கு அவங்க நெட்டுல ஏத்தணுமாம்." "அனுப்பிடுறேன் சார்." அவர் கொஞ்சம் நிறுத்துகிறார். நிறுத்தினால் கெட்டது வரப்போகிறது. "நான் வெளிப்படையா சொல்லிடுறேன். போன தடவை அனுப்பினதுல யானை வர்ற இடம் வந்தா குழந்தைங்க காதைப் பொத்திக்குதுங்களாம். ஒரு அம்மா வீடியோவே எடுத்துப் போட்டுருக்கு. எனக்கு வயசாச்சு, எனக்கு ஒண்ணும் தெரியல. என் அசிஸ்டென்ட் பையன் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுட்டான். ஊசி குத்துற மாதிரி இருக்கு சார்ங்கிறான். உனக்கு எப்படிய்யா தெரியாமப் போச்சு?" "பழைய சாஃப்ட்வேர் சார். அதுல சரியா காட்டல. இப்ப மாறிட்டேன்." "மாறிட்டல்ல? அப்ப சரி. இந்தத் தடவையும் குழந்தைங்க காதைப் பொத்துச்சுன்னா அவங்க வேற ஆளைப் பாக்கச் சொல்றாங்க. நான் தடுக்க முடியாது. உன் காதை நம்பித்தான் கொடுக்கிறேன்." சரி சார். சரி என்பது இதற்கும் பொருந்திவிட்டது. திரும்பினால் கதவோரத்தில் ரோசி நிற்கிறாள், முதுகில் பையோடு. எப்போது வந்தாள்? கதவு கிரீச்சிடும் என்பார்கள், அது எனக்கு நின்று ரொம்ப நாளாயிற்று. எதிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றாளோ. "சுகவனம் அங்கிள் திட்டினாங்களா?" "இல்லம்மா. யானையை விசாரிச்சாரு." அவள் காலுறையை உருட்டி உருட்டிக் கழற்றினாள். காதை மட்டும் பார்த்தேன். சின்னக் காது, ஓரத்தில் வெயில் பட்டால் சிவப்பாகத் தெரிவது. ஜெஸிந்தாவின் காதா, எங்கள் வீட்டுக் காதா என்று பிறந்த அன்றே எல்லோரும் பார்த்தார்கள். மடலைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அப்படியே அப்பன் காது என்றார்கள், சந்தோஷமாக.

"இன்னைக்கும் குருவியா?" "ஒரே ஒரு தடவை." "நேத்தும் அதேதான் சொன்னீங்க." என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள், கால் தரைக்கு எட்டவில்லை, ஹெட்போன் பெரியது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இது வேலை என்று அவளுக்குச் சொன்னதில்லை. விளையாட்டு என்றுதான் சொல்லியிருக்கிறேன். சத்தத்துக்குள் ஒரு குருவி ஒளிந்திருக்கும், கீச்சென்று ஊசி மாதிரி கூவும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கண்டுபிடித்தால் தேன்மிட்டாய். இன்னொரு ஹெட்போனை நான் மாட்டிக்கொண்டேன். திரையில் சலங்கையின் படத்தைப் பெரிதாகத் திறந்து வைத்தேன், பாட்டை ஓட்டினேன். சந்தைக்குப் போன யானை, சலங்கை வாங்கி வந்த யானை. எனக்கு அது அந்தைக்குப் போன யானை, அலங்கை வாங்கி வந்த யானை. தவில் வருகிறது, யானையின் காலடி வருகிறது, நெஞ்சுக்கூட்டில் வந்து மோதுகிறது, இதெல்லாம் என் ஊர். இதோ சலங்கை. வலது ஓரத்தில் மலை எழுந்து முனை நீண்டு துடிக்கிறது. எனக்கே கேட்கிறது, மெல்லிசாக, தூரத்தில் கண்ணாடி வளையல் உரசுவது போல. எனக்கே கேட்கிறது. "குருவி இருக்கா?" "இல்ல." முனையைப் பார்க்கிறேன், ஆடுகிறது. "யானை வர்ற இடத்துல நல்லா கேளு." மறுபடி ஓட்டுகிறேன். "குருவி இல்லப்பா. யானை சும்மா வருது. சலங்கை கட்டிக்கல." "கட்டியிருக்கும்மா. அங்க பாரு, ஆடுது." அவள் திரையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். "ஆடுது. கேக்கல." கேட்கவில்லை. எனக்குக் கேட்கிறது, இவளுக்குக் கேட்கவில்லை. காய்கறி வண்டி. விசில். நான். அடுத்தது. நாலாம் வகுப்பிலேயேவா, அத்தனை சீக்கிரமாகவா. எனக்கு நாற்பது வரைக்குமாவது விட்டு வைத்தது. அவள் ஹெட்போனைக் கழற்றி இடது வலதை மாற்றி மாட்டினேன். மறுபடி ஓட்டினேன். கேக்குதா. இல்ல. அவள் பின்னால் போய் நின்று வாயைக் குவித்து ஸ் என்றேன், நான் சொன்னேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை, பல்லில் காற்று பட்டது, அவ்வளவுதான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவள் திரும்பவில்லை. திரும்பவில்லை. ஹெட்போன் மாட்டியிருக்கிறாள், எப்படித் திரும்புவாள் என்று ஒரு பக்கம் தெரிகிறது, இன்னொரு பக்கம் தெரியவில்லை. "ஏன்மா கேக்கல? எனக்கே கேக்குதே. ஒழுங்கா கேளு. மனசை எங்க வெச்சிருக்க?" என் குரல் ஏறிவிட்டது, அது எனக்கு நன்றாகக் கேட்டது. அவள் படத்தைப் பார்க்கவில்லை. கண்ணை அகல வைத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், புருவத்தை, வாயை. கண்ணாடிக்குப் பின்னால் அப்பா. "கேக்குதாம்மா?" "ம்." "என்ன, ம்?" "இப்பக் கேக்குதுப்பா." "குருவியா?" "ம். குருவிதான்." எனக்கு உயிர் வந்தது. தேன்மிட்டாயை எடுக்கத் திரும்பியபோதுதான் படத்துக்குக் கீழே, சலங்கை ட்ராக்கின் பெயருக்குப் பக்கத்தில், அந்தப் பொத்தான் சிவப்பாக எரிவதைப் பார்த்தேன். மியூட். காலையில் குரலைச் சுத்தம் செய்வதற்காகச் சலங்கையின் வாயைக் கட்டி வைத்தது நான். பழையதில் வாயைக் கட்டினால் படமும் படுத்துவிடும். புதியதில் படுக்காது. வாயைக் கட்டினாலும் உள்ளே இருப்பதைப் படம் காட்டிக்கொண்டே இருக்கும். இவ்வளவு நேரமும் சலங்கை ஒலிக்கவே இல்லை. யானை சும்மாதான் வந்தது.

அப்படியானால் அவளுக்குக் காது இருக்கிறது. முதலில் அதுதான் வந்தது, அது வந்ததற்காக என்னைக் கொஞ்சம் மன்னிக்கலாம். இல்லாததை இல்லை என்று சொன்ன காது. கைதட்டலாம் போல இருந்தது. அதற்குப் பின்னால் மெதுவாக மற்றது வந்தது. எனக்குக் கேட்டதே, அந்தக் கண்ணாடி வளையல், அது எங்கே இருந்து வந்தது? வாயைக் கட்டிய சலங்கை எனக்கு ஒலித்தது. படம் ஆடியது, நான் கேட்டேன். அப்படியானால் போன மாதம் தாவூத் வீட்டில் கேட்டது? நேற்று, அதற்கு முந்தின நாள், கேட்டுக் கேட்டுச் சரி செய்தது? ஒரு மரியாதைக்கு விரல் தூக்கியிருக்கிறேன். மென்பொருளுக்கு மரியாதை. அதற்கும் பின்னால் கடைசியாக வந்தது அவள் சொன்ன ம். முதலில் உண்மையைச் சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள், நான் கத்தினேன், குருவி என்றாள். பொய் சொல்ல வைத்தது நான். இப்போது மியூட்டை எடுத்து, சலங்கையை உண்மையாகவே ஒலிக்கவிட்டு, குத்துகிறதா என்று அவளைத்தான் கேட்க வேண்டும். குத்தவில்லை என்று அவள் சொன்னால் அது சலங்கையைக் கேட்டுச் சொன்னதா, என் புருவத்தைக் கேட்டுச் சொன்னதா? ஊரில் இருக்கும் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளுமா கொள்ளாதா என்பது அந்த ஒன்றில் இருக்கிறது. அம்மா, தப்பு என்னுடையது, நீ முதலில் சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும், அப்பாவுக்கு ஏன் தெரியவில்லை என்பதை. தாவூத் சொன்ன அந்தச் சொல் இரண்டாக நிற்க மாட்டேன் என்கிறது, சேர்ந்துதான் வருகிறது. "அப்பா கோவமா இல்லம்மா" என்றேன். அது மட்டும்தான் வந்தது. "நான் தப்பா சொன்னா சுகவனம் அங்கிள் வேற ஆளைப் பாத்துக்குவாங்களா?" என்று கேட்டாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். "அதெல்லாம் இல்ல. இது விளையாட்டு." அந்தப் பெண் கண்ணாடி அறையில் செய்ததைச் செய்யலாம் என்று தோன்றியது. சலங்கையின் வாயை அப்படியே கட்டி வைத்தேன். அதே பாட்டை இரண்டு தடவை எடுத்து, ஒன்றுக்கு ஏ என்றும் ஒன்றுக்கு பி என்றும் பெயர் வைத்தேன். இரண்டும் ஒன்று. இரண்டிலும் யானை சும்மாதான் வருகிறது, சலங்கை இல்லை, குருவிக்கு உட்கார இடமே இல்லை. முதல் தடவை சொன்னதையே திரும்பச் சொன்னால் போதும், அவள் காது அவளுடையதாகவே இருக்கிறது, நான் ஆறு மணிக்குள் வேலையை முடித்துவிடலாம். "ஏ, பி, ரெண்டு இருக்கு. எதுல குருவின்னு சொல்லு. ரெண்டுலயும் இல்லன்னாலும் இல்லன்னு சொல்லலாம்." ஏ-க்கு ஒரு பொத்தான், பி-க்கு ஒரு பொத்தான் என்று காட்டிவிட்டுத் திரையை அணைத்தேன். அவளுக்கு என் முகம் தெரியக் கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். சர்ச் காலண்டர், மாதம் கிழிக்கவில்லை. பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தும் சத்தம் மெல்லியது, எனக்கு வராது. கொஞ்ச நேரம் கழித்து அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டையும் இரண்டு தடவை கேட்டதாகச் சொன்னாள். பி-யில் குருவி இருக்கிறது என்றாள்.